வட்டம் விழாத தட்டு

கிருமி தோய்ந்த பஞ்சுக்குச்சி தட்டின் மேல் ஒரே அழுத்தத்தில் போய்வந்தது. இடது கை தட்டைக் கொஞ்சம் திருப்ப, வலது கை மறுபடி தடவியது. பிறகு இடுக்கியால் மருந்து வில்லைகளை எடுத்துத் தள்ளித் தள்ளி வைத்தது. மருந்து கேட்டால், மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் தெளிந்த வட்டம் விழும்.

“எறும்பு ஊர்ந்தாகூட ஒதுங்கிப் போறவங்க நீங்க. இங்க உக்காந்து கோடிக்கணக்குல கொன்னுக்கினு கீறீங்களே அக்கா,” என்றான் உடன் வேலை செய்யும் கோபி.

“சாவ மாட்டேங்குதேடா, அதான் பேஜாரு,” என்றாள் சன்மதி.

மேல்சித்தாமூர் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண். படித்தது டிப்ளமோ, விழுப்புரத்து ஆய்வுக்கூடத்தில் மற்றதையெல்லாம் தட்டுகளே கற்றுக்கொடுத்தன.

தட்டில் தடவியது, திண்டிவனம் மருத்துவமனையில் கிடக்கும் அம்சாவின் கால் சீழில் வளர்ந்த கிருமி. மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்கு நடுவே களைக்கொத்து பட்ட காயம். முதல் சோதனையில் இரண்டு கிருமிகள். ஒன்று மெரோபெனெம் மருந்துக்கு அடங்கவில்லை, ஜென்டாமைசினுக்கு அடங்கியது. மற்றது நேரெதிர். டாக்டர் இரண்டு மருந்தையும் சேர்த்தே ஏற்றினார். புண் ஆறவில்லை. அடுத்து வந்த சீழிலோ, இரண்டு கிருமியும் இரண்டு மருந்துக்கும் அடங்கவில்லை.

தட்டில் கிருமிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்றே சன்மதி நினைத்தாள். வேறு வேறு கிருமிக்கு ஒரே முடிவு வந்தால் முதலில் தன் கையைச் சந்தேகப்படுவது அவள் பழக்கம். அந்த முடிவை யாரிடமும் சொல்லாமல் இரண்டையும் தனித்தனியே பிரித்து வளர்த்து, இன்றுதான் மறுபடி வில்லை வைத்தாள்.

மறுநாள் காலை தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அதே முடிவு.

கை தவறவில்லை. கிருமிக்குள் சின்னதாகத் தனி மரபணு வளையம் ஒன்று இருக்கும். பக்கத்துக் கிருமி வேறு இனமானாலும் ஒட்டி நின்று அதன் நகலைக் கொடுத்துவிடும். இடம்விட்டு இடம் தாவும் துண்டுகளும் உண்டு; மருந்தை எதிர்க்கும் மரபணுவையும் தூக்கிக்கொண்டு வளையத்தில் ஏறிக்கொள்ளும். இங்கேயும் அப்படி இரண்டு மருந்தின் எதிர்ப்பும் ஏறிய வளையம் இரண்டு கிருமிக்கும் போயிருக்க வேண்டும். அதைப் பிரித்துப் பார்க்கும் கருவி அங்கில்லை. ஏற்றிய மருந்துகளோ வளையம் வாங்காதவற்றைக் கொன்று, வாங்கியவற்றுக்கு இடம் விட்டிருந்தன.

அமிகாசின் வில்லையைச் சுற்றி மட்டும் வட்டம் இருந்தது. டாக்டரைப் போனில் கூப்பிட்டு, தன் கையைச் சந்தேகப்பட்டுத் தாமதித்ததையும் சேர்த்துச் சொன்னாள்.

“இப்பவே மாத்துறேன். கால் தாங்குமான்னு தெரியலம்மா. சந்தேகம்னாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

போனை வைத்துவிட்டு முடிவை அச்சுக்குக் கொடுத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே, திண்டிவனத்திலிருந்து முடிவு வாங்க வந்த அம்சாவின் கணவர் வேங்கடேசன் நின்றிருந்தார். “காலை எடுக்கறதுக்குக் கையெழுத்து கேக்கறாங்க மேடம். என்னா வந்துது?”

“ஒரு மருந்து கேக்குதுண்ணா. டாக்டருக்குச் சொல்லிட்டேன்.”

“அப்ப கால் நிக்குமா?”

“அது எனக்குத் தெரியலண்ணா. லேட் பண்ணிட்டேன். ஜல்தியா பஸ் ஏறுங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட இத வச்சுப் பேசுங்க.”

அச்சிட்ட முடிவை ஒருமுறை படித்துப் பார்த்து, உறையிலிட்டு, ஜன்னல் வழியே அவர் கையில் கொடுத்தாள்.