நரி விட்டுப்போன சப்பாத்து

என் அண்ணையின் பேச்சுகளை அந்தந்த நேரம் எழுதி வைத்திருந்தால் ஒரு கொப்பி நிறைந்திருக்கும். ஜெர்மனியில், டோர்ட்மண்டில் முப்பது வருடம் உணவகங்களில் கோப்பை கழுவி ஓய்வுக்கு வந்தவர். அண்ணி காலமான பிறகு ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்கு வந்து, தொலைக்காட்சியில் ஆப்பிரிக்க மிருகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். மிருகக்காட்சிச்சாலைக்குக் கூப்பிட்டால் மட்டும் வரமாட்டார்.

"அங்க நிக்கிறதுகள் எங்களை மாதிரியடா. அகதியெண்டு அன்ட்ராக் எழுதிக் குடுத்திட்டு, முடிவு வருமட்டும் கம்பிக்குள்ள நடக்குதுகள். ஒருத்தரையும் கேக்காமல் தண்ணி குடிக்கிற ஆனையை ஒருக்காப் பாக்கவேணும்."

அவர் வாய்விட்டுக் கேட்ட ஆசை அது ஒன்றுதான். ஆனால் சலரோகம், அதுதான் நீரிழிவு, அவருடைய இரண்டு பாதங்களையும் விறைக்க வைத்திருந்தது. தோலில் செய்த சிறப்புச் சப்பாத்து ஒரு சோடி அவருக்கு இருந்தது. ஆப்பிரிக்காவுக்குப் போகலாம் என்றார் டொக்டர். ஆனால் அந்தச் சப்பாத்து இல்லாமல் நிலத்தில் கால் வைக்கக் கூடாது, ஒவ்வொரு பின்னேரமும் யாராவது உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். என்ன குத்தினாலும் அவருக்குத் தெரியாது. புண் வந்தால் காலையே இழக்க நேரும்.

"அது என்ர வேலை," என்றேன் நான்.

நமீபியாவில் ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்தோம். அண்ணை, நான், என் மனைவி. வடக்கே போய், பிறகு கிழக்காகத் திரும்பி, பெரிய அருவி வரைக்கும் ஓடுவது என்று திட்டம். முதல் நாள் நாங்கள் கூடாரம் அடிக்கக் கஷ்டப்படுவதைப் பார்த்து அண்ணை சிரித்தார்.

"அகதிக் காம்பில இருந்து வெளியில வர எவ்வளவு பாடுபட்டனாங்கள்! இப்ப லீவு போட்டு காம்புக்கு வந்திருக்கிறம்."

"அத்தான், அந்தக் காம்பில சோறு தரேல்லை. இஞ்ச நான் சமைக்கிறன்," என்று அண்ணைக்குச் சொன்னாள் என் மனைவி.

நான்காம் நாள், வேலிக்கு அப்பால் நீர்க்குழி ஒன்று உள்ள முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே காவலுக்கு நின்ற மனிதர் எங்களுக்கு விளங்கட்டும் என்று ஜெர்மனிலேயே சொன்னார்: சப்பாத்துகளைக் கூடாரத்துக்குள் வையுங்கள், வெளியே விட்டால் நரி தூக்கிவிடும். எனக்கு நன்றாக விளங்கியது.

ஆனால் என் மனைவி வழக்கம்போலக் கூடாரத்தின் ஒரு மூலையில் பிள்ளையார் படமும் திருநீற்றுச் சிமிழும் வைத்திருந்தாள். அண்ணை சப்பாத்தைக் கையில் பிடித்தபடி குனிந்து உள்ளே வந்தார்.

"அண்ணை, சாமிப்படம் இருக்கு. வெளியில வையுங்கோவன்," என்றேன்.

அண்ணை என்னை ஒருமுறை பார்த்தார். "ஓமடா, அதுவும் சரிதான்," என்று திரும்பிப்போய், என் சப்பாத்துக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு வந்தார்.

விடிந்து பார்த்தால் அவருடைய இடதுகால் சப்பாத்தைக் காணவில்லை. மணலில் சின்னச் சின்ன அடிகள் பற்றைக்குள் போயின. நானும் மனைவியும் ஒரு மணித்தியாலம் தேடினோம்.

"உன்ர பிளாஸ்டிக் சப்பாத்தை நரி மோந்தும் பாக்கேல்லை. ருசி தெரிஞ்ச நரி," என்றார் அண்ணை. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனையள் வந்திட்டுதாம், சனம் போகுது. உன்ர செருப்பைத் தா," என்றார்.

"அண்ணை, டொக்டர் என்ன சொன்னவர்?"

"இருநூறு அடி நடையடா. இதுக்காகத்தானே வந்தனான்."

என் றப்பர் செருப்பைக் கொடுத்தேன். வழி நெடுகிலும், எங்கள் ஊர் உடைமரம் போன்ற மரங்கள் வெள்ளை முள்ளை உதிர்த்திருந்தன. அவருடைய கையைப் பிடித்துக் கொண்டுபோனேன். விழுந்துவிடுவாரோ என்று முகத்தைத்தான் பார்த்தேன், காலைப் பார்க்கவில்லை.

இருபதுக்கு மேல் யானைகள். அவற்றின் வயிற்றுப் பக்கமெல்லாம் வெண்சேறு. குட்டியொன்று தண்ணீருக்குள் சறுக்கி விழ, தாய் தும்பிக்கையால் முட்டுக்கொடுத்து ஏற்றியது. அண்ணை மூன்று மணித்தியாலம் கல்வாங்கில் குந்தி அசையாமல் இருந்தார். கண்ணில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"பாரடா, உவ்வளவு பெரிய உடம்பு. காலை எவ்வளவு மெதுவா வைக்குது," என்றார்.

அந்த நேரம் முள் அவருடைய இடதுகாலுக்குள் இருந்தது.

அன்று பின்னேரம் நான் உள்ளங்காலைப் பார்க்கவில்லை. மூவரும் யானைக் கதையே கதைத்துக்கொண்டிருந்தோம். அடுத்த நாள் நெடுக ஓட்டம், கூடாரம் அடிக்கவே இருட்டிவிட்டது. "நான் பாத்திட்டன், ஒண்டுமில்லை," என்றார். தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க ஏலாத மனிதர் அவர் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். களைப்பாக இருந்தது, நம்பிக்கொண்டேன்.

யானை பார்த்த மூன்றாம் நாள் சிறு பட்டணம் ஒன்றில் அவருக்குச் சப்பாத்து வாங்கப் போனோம். கடைப்பெண் ஒரு சோடியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காலுறை பாதத்தோடு ஒட்டிப்போயிருந்தது. என் மனைவி தண்ணீர் விட்டு விட்டு அதைக் கழற்றினாள். உள்ளே கறுத்து, நாறத் தொடங்கியிருந்தது.

"அத்தான், நோகேல்லையே?"

"ஒண்டும் நோகேல்லை பிள்ளை. ஏன், என்ன?"

அருவிக்குப் போகவில்லை. அங்கிருந்த ஆசுப்பத்திரியில் முள்ளை எடுத்து, கட்டுப்போட்டு, உடனே ஜெர்மனிக்குத் திரும்பச் சொன்னார்கள். டோர்ட்மண்டில் முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, கடைசியில் முழங்காலுக்குக் கீழே.

ஆசுப்பத்திரிக் கட்டிலில் வைத்து அவரே என்னைத் தேற்றினார். "நரி ஒண்டைக் கொண்டுபோய் மற்றதை எனக்கு விட்டிட்டுப் போனது. இனி எனக்கு ஒண்டு போதுமெண்டு அதுக்கு முதலே தெரிஞ்சிருக்கு." நான் சிரிக்கட்டும் என்றுதான் சொன்னார். நான் வெளியே போய் நின்றேன்.

இப்போதும் ஞாயிறு பின்னேரம் வருகிறார், சக்கரக் கதிரையில். வாசலில் எங்கள் வீட்டுச் சப்பாத்துகள் வரிசையாக இருக்கும். முதல் நாள் வந்தபோது, வலதுகால் சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கக் குனிந்தார்.

"வேண்டாம் அண்ணை, சப்பாத்தோட வாங்கோ."

"உள்ளுக்குச் சாமிப்படம் இருக்கெல்லே," என்றார். குத்திக்காட்டவில்லை. வழக்கத்தைத்தான் சொன்னார்.

நான் முழந்தாளிட்டு நாடாவை அவிழ்த்தேன். நரி விட்டுப்போன அதே சப்பாத்து. காலுறையையும் கழற்றி, உள்ளங்காலைத் திருப்பி விரல் விரலாகப் பார்த்தேன். அவர் காலைத் தந்துகொண்டிருந்தார். பிறகு அந்த ஒற்றைச் சப்பாத்தை வாசலில் விட மனம் வராமல், உள்ளே கொண்டுபோய் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் வைத்தேன். என் மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள்.