தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பயந்தாங்கொள்ளி

சூட்டை வீட்டுக்கு வெளியே நிறுத்துவதுதான் எங்கள் தொழில். ஆனால் அதற்கு முதலில் நாங்கள் அந்தச் சூட்டுக்குள்ளேயே போய்ப் படுக்க வேண்டும்.

ரங்கூனில் பழைய வீடு, கடை, கிடங்கு எதுவானாலும் கூப்பிட்டால் போவோம். தகரக் கூரைக்கு அடியில் வெள்ளித்தாள் ஒட்டிய நுரைப்பாய் விரிப்போம். சீலிங் பலகை மேல் கண்ணாடிப் பஞ்சு பரப்புவோம். மீனும் இறாலும் வைக்கிற குளிரறைகளுக்குக் குளிர் வெளியே போகாமல் நுரை அடைப்போம். நாங்கள் என்றால் நானும் என் மச்சான் மாணிக்கமும். மச்சான் என் மனைவி மல்லிகாவின் ஒரே அண்ணன். ஐம்பதை நெருங்குகிறார், நல்ல கனம், சர்க்கரை வியாதி உண்டு, பயம் மட்டும் கிடையாது. எனக்கு வியாதி எதுவும் இல்லை, பயம் மட்டும்தான் உண்டு. தினமும் காலையில் மல்லிகா சோற்று கேரியரை என் கையில் கொடுத்து ஒரே வார்த்தைதான் சொல்வாள்: "எங்கண்ணனை முழுசா கொண்டாந்து சேத்துருங்க." நான் முழுசாக வர வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அது தானாக வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஆபத்து இருக்கிற இடத்தில் நான் நிற்க மாட்டேனே!

ஏணியில் மூன்றாவது படியிலேயே தொடை நடுங்குகிறவர்கள், இருட்டு மூலையில் கை விடச் சொன்னால் "நீங்க பாருங்க" என்று அடுத்தவரைத் தள்ளிவிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். தைரியசாலிகள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

மோஹிங்காவுக்கு மேலே ஒரு கால்

பசுந்தாங்கில் வெள்ளைக்காரன் காலத்து மாடி வீடு. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே குனிந்து போகிற உயரம்தான் இருக்கும். அந்த மாதிரி இடத்தில் சட்டத்தின் மேல் மட்டும்தான் கால் வைக்க வேண்டும். நடுவில் இருக்கிற பலகை சும்மா அழகுக்கு, ஆளைத் தாங்காது. மச்சானுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன? பேச்சு சுவாரசியத்தில் ஒரு எட்டு தள்ளி வைத்தார். மடார் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் மச்சான் பாதிதான் இருக்கிறார். ஒரு கால் தொடை வரைக்கும் பலகைக்குள்ளே போய்விட்டது.

இன்னொரு பலகை விட்டுக்கொடுத்தால் ஆள் பதினைந்து அடிக்குக் கீழே சிமெண்டுத் தரையில் விழுவார். அவரைப் போய்த் தூக்க வேண்டும் என்று மூளை சொல்கிறது. கை ரெண்டும் உத்தரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. மச்சானோ சாவகாசமாக, "மாப்ளே, கீழே காத்து நல்லா வருது" என்கிறார். கீழே வீட்டுக்காரர் ஊ மியிண்ட் குடும்பத்தோடு மோஹிங்கா, அதாவது மீன்சாறு ஊற்றிய சேமியா, சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே திடீரென்று முளைத்த காலை அவர் ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்தார். பிறகு பர்மியத்தில் அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "அண்ணே, தயவுசெஞ்சு காலை இழுத்துராதீங்க. நாங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அந்த ஓட்டை அடைச்சிருக்கட்டும்."

மீ லா பீ

எங்கள் ஊரில் கரண்ட் முறை வைத்துத்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். நூர் பாயின் ஜவுளிக்கடைக்கு மேலே வேலை. "ஒரு மணிக்குத்தான் கரண்ட், ஏறு மாப்ளே" என்றார் மச்சான். நானும் நம்பி மெயினை அணைக்காமல் ஏறிவிட்டேன். மேலே எல்லாம் துணி சுற்றிய பழங்காலத்து ஒயர், எலி கடித்துச் செம்பு பல்லை இளிக்கிறது. வேர்வையில் தொப்பலாக நனைந்து, குப்புறப் படுத்தபடி, ஒரு கையில் ஒயரைத் தூக்கிப் பிடித்து, அடியில் வெள்ளிப்பாயைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். பாயின் மறுமுனை மச்சான் கையில். வெள்ளித்தாளில் கரண்ட் எப்படி ஓடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது தெருவே ஒரே குரலில் கத்தியது: "மீ லா பீ!" கரண்ட் வந்துவிட்டால் சின்னப் பிள்ளையிலிருந்து கிழவர் வரைக்கும் சந்தோஷத்தில் போடுகிற கூச்சல் அது. எனக்கு அது என் சாவுச் செய்தி மாதிரி கேட்டது. ஒயரை விடக்கூடத் தோன்றவில்லை. செத்துப்போனால் இப்படித்தான் இருக்கும் போல, வலியே இல்லையே என்று நினைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக் கிடந்தேன். மச்சானும் போயிருப்பார், மல்லிகாவிடம் யார் போய்ச் சொல்வது என்று அழுகையாக வந்தது. வெகு நேரம் கழித்துத்தான் அக்கம்பக்கத்தில் எல்லாம் மின்விசிறி ஓடுகிறது, நாங்கள் இருந்த கடையில் மட்டும் ஓடவில்லை என்று உறைத்தது. இறங்கி வந்தபோது நூர் பாய் சொன்னார்: "ஏணியிலே ஏறும்போதே உங்க கை நடுங்கிச்சு தம்பி. கரண்ட் வந்தா, அடிக்காட்டாலும் நீங்க பயத்துலேயே போயிருவீங்கன்னுதான் ஃபியூஸ் கட்டையைக் கழட்டி ஜிப்பாவுலே போட்டுக்கிட்டேன்."

தென்கிழக்கு மூலைத் தேங்காய்

பர்மாக்காரர்கள் வீட்டில் தென்கிழக்குத் தூணில் சிவப்புத் துணி கட்டி ஒரு தேங்காய் தொங்கும். அதுதான் வீட்டைக் காக்கிற நாட் தேவதைக்கு இடம். டோ கின் என்கிற அம்மா தனியாக இருக்கிற மரவீட்டில் வேலைக்குப் போயிருந்தோம். தேங்காயை நகர்த்தாமல் அந்த மூலையில் பாய் அடிக்க முடியாது. நான் நகர்த்த மாட்டேன் என்று கை கட்டி நின்றுவிட்டேன். நம் சாமியைக் கண்டாலே எனக்கு உதறும்; அடுத்தவர் சாமியிடம் எந்த மொழியில் மன்னிப்புக் கேட்பது? மச்சான் பூசணிக்காயைத் தூக்குகிற மாதிரி அதை ஒரு கையால் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டார். அன்று முழுக்க, அவருக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறது என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்தியலை ஓங்கினால் பயம். தும்மினால் அதைவிடப் பயம்.

அந்த அம்மா எங்களைக் கூப்பிட்டதே அந்த ஒரு மூலைக்காகத்தான். வீட்டில் மற்ற இடமெல்லாம் வெறும் தகரம், நண்பகலில் தலை வெந்துவிடும். "அம்மா, நீங்க படுக்கிற இடத்துக்கு மேலே அடிச்சுக்கக் கூடாதா?" என்று மச்சானே மனசு கேட்காமல் கேட்டுவிட்டார். அந்த நாட் முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவால் உயிரோடு கொளுத்தப்பட்ட ஆள் என்றும், புண் ஆறத்தான் இளநீரோடு தேங்காய் வைப்பது என்றும் எங்களுக்கு அதுவரை தெரியாது. டோ கின் சிவப்புத் துணியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "எனக்கு வேர்த்தா விசிறிக்குவேன். அவரு ஏற்கெனவே ஒரு தடவை வெந்தவரு."

ஏணியில் இறங்கியவன்

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொந்தக்காரர்கள் என்று சொல்லிவிட்டேனே, மறைக்கக் கூடாது.

மிங்கலாடோனில் விமான நிலையத்தை ஒட்டிய வீடு. நிலம் ஆடி ஓய்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஊரில் யாராவது நாற்காலியை இழுத்தால்கூட மனுஷர்கள் எழுந்து வாசலுக்கு ஓடிய சமயம். நான் ஏணியருகே இருந்து பஞ்சை எடுத்துக் கொடுக்கிறேன், மச்சான் கூரைக்கடியில் உள்ளே தள்ளிப் போய், தவழ்ந்து வெளியே வரவே அஞ்சு நிமிஷம் ஆகிற இடத்தில் இருக்கிறார். திடீரென்று கூரை கடகடவென்று ஆடியது. ஆணி எல்லாம் கிலுகிலுத்தது. நான் எப்படி இறங்கினேன், எப்போது தெருவுக்கு வந்தேன், ஒன்றும் நினைவில்லை. நினைவு வந்தபோது எதிர்வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். போகிற போக்கில் ஏணியையும் தள்ளிவிட்டிருக்கிறேன். தலைக்கு மேலே ஒரு விமானம் தாழப் பறந்து போய் இறங்கியது. அவ்வளவுதான் விஷயம்.

வீட்டுக்கார அம்மா மா தண்டா தினமும் பத்து விமானம் பார்க்கிறவள். வாசலில் துணி காயப்போட்டபடி என்னைப் பார்த்தாள், விழுந்து கிடந்த ஏணியைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். மச்சான் ராத்திரி மல்லிகாவிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன். மா தண்டா கேட்டது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "உங்க ஆளு மேலே இருக்காரே, அவரு உங்களுக்கு வேணாமா?"

நன்றாக அடைத்த கதவு

அலோனில் ஆற்றங்கரைக் கிடங்கு. உள்ளே இறால் குளிரறை. அதன் கதவுச் சட்டத்தைச் சுற்றிக் குளிர் கசிகிறது என்று கூப்பிட்டார்கள். காலையில் நான் நுரை பீய்ச்சி அடைத்தேன். நுரை பீய்ச்சினதும் அடங்காது, கொஞ்ச நேரம் கழித்து உப்பும். அதனால் தாழ்ப்பாள் போய் விழுகிற ஓட்டையை முதலில் டேப் ஒட்டி மூடிவிட வேண்டும். எங்கள் தொழிலில் இது பாலபாடம். உள்ளேயிருந்து வந்த குளிர் எனக்குப் பிடிக்கவில்லை, சீக்கிரம் விலகினால் போதும் என்று டேப்பை மறந்துவிட்டேன்.

மத்தியானம் சோதனை. எங்கள் வழக்கம் இது: ஒருவர் உள்ளே போய் விளக்கை அணைத்து இருட்டில் நிற்பார், கதவைச் சாத்தி மற்றவர் வெளியே டார்ச் அடித்துக்கொண்டே சட்டத்தைச் சுற்றி வருவார். வெளிச்சம் தெரிகிற இடத்தில் உள்ளே இருப்பவர் தட்ட வேண்டும். மச்சான் ஒரு ஸ்வெட்டரைச் சட்டைமேல் மாட்டிக்கொண்டு, "முடிச்சுட்டே சாப்பிடலாம் மாப்ளே" என்று உள்ளே போனார். காலையில் சர்க்கரை மாத்திரை போட்டவர், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயக்கம் வரும். நான் டார்ச்சோடு சுற்றி வந்தேன். ஒரு தட்டும் இல்லை. சரி, வேலை சுத்தம் என்று கைப்பிடியை இழுத்தேன். கதவு வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். டேப் ஒட்டாத ஓட்டைக்குள் நுரை உப்பித் தாழ்ப்பாளை அசையவிடாமல் கவ்விக்கொண்டுவிட்டது. உள்பக்கத்துக் குமிழும் அதே தாழ்ப்பாளோடு சேர்ந்ததுதான்.

"மச்சான்!" என்று கத்தினேன். காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. அப்படி அடைத்திருந்தோம் பாவிகள்! அவர் தட்டுகிறாரா, கூப்பிடுகிறாரா, விழுந்து கிடக்கிறாரா, எதுவும் தெரியாது. ஓடிப்போய் மெஷினை நிறுத்தினேன். நிறுத்தி என்ன, உள்ளே மலை மாதிரி உறைந்த இறால், இன்றைக்கு முழுக்கக் குளிர் குறையாது. முதலாளி ஊ டுன் ஓடி வந்தார். "எதையும் உடைக்காதே, மெக்கானிக் ஒரு மணி நேரத்துலே வந்துருவான், கதவு போனா சரக்கு அவ்வளவும் போச்சு" என்று கையை விரித்துக்கொண்டு மறித்தார். எனக்கு முதலாளிகள் என்றாலே பயம். உள்ளதைச் சொல்கிறேன், கால் ரெண்டும் வாசல் பக்கம் திரும்பியது. ஆனால் வாசலுக்கு வெளியே போனால் அந்தப் பக்கம் மல்லிகா நிற்பாள் என்று அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது. காலையில் நான் நுரை அடித்த சட்டத்தோரத்தில்தான் வெறும் நுரை, ரம்பம் இறங்கும், அது எனக்குத்தான் தெரியும். ரம்பத்தை எடுத்து அங்கே குத்தினேன். ஊ டுன் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார், தகரம் கையைக் கிழிக்கிறது, நான் ஓவென்று அழுதுகொண்டே அறுக்கிறேன். கடைசியில் கடப்பாரையை விட்டு நெம்பியதும் சட்டத்தோடு சேர்ந்து கதவு பிளந்தது. வெள்ளைப் புகை மாதிரி குளிர் வெளியே கொட்டியது.

மச்சான் இறால் பெட்டி மேல் சுருண்டு உட்கார்ந்திருந்தார். புருவமெல்லாம் வெளுத்திருந்தது. இழுத்து வந்து வெயிலில் கிடத்தி, டீக்கடையில் சர்க்கரை அள்ளிப் போட்ட டீயை வாங்கி வாயில் ஊற்றினேன். பல் தந்தியடித்ததில் பாதி டீ என் கைமேல்தான் கொட்டியது. ஊ டுன்கூட இறாலை மறந்து அவர் கால்களைத் தேய்த்துவிட்டார். வெகு நேரம் கழித்து மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சேர்ந்து வேலை செய்கிற இந்தப் பதினெட்டு வருஷத்தில் அந்த முகத்தில் பயத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் சொன்னது இவ்வளவுதான்: "குளிருகூடப் பரவாயில்லை மாப்ளே. நீ வெளியே இருக்கியா, போயிட்டியான்னு தெரியலை பாரு, அதுதான் தாங்கலை."

அன்றிலிருந்து கதவுச் சோதனைக்கு உள்ளே போகிறவன் நான், வெளியே நிற்கிறவர் மச்சான்; ஓடிப்போகாமல் வெளியே நிற்பதற்குத்தான் அதிகத் தைரியம் வேண்டும் என்பதை எங்கள் குடும்பத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.