தாகம் அடக்கிய ரத்தக்காட்டேரியும் திங்கட்கிழமை பேட்ச்சும்

டயாலிசிஸ் யூனிட்டின் ஷிஃப்ட் பதிவில், ஒரு சித்திரை மாதப் புதன்கிழமைக்கு நேரே என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: ‘பெட் மூன்று. வரவில்லை. தொடர்ந்து இரண்டாவது முறை. போன் எடுக்கவில்லை.’

பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அந்த மூன்றாம் பெட்டைப் பற்றி எழுதுகிறேன்.

1. இளநீர்

எங்கள் யூனிட்டில் ஆறு பெட். திங்கள், புதன், வெள்ளி ஒரு பேட்ச். செவ்வாய், வியாழன், சனி இன்னொரு பேட்ச். சிறுநீரகம் நின்றுபோனவரின் ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, மெஷின் திருப்பி அனுப்பும். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். சிறுநீர் பிரியாது என்பதால் குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கும். அதனால் தண்ணீருக்கு அளவு உண்டு. எவ்வளவு குடித்தார் என்பதை வாசலில் இருக்கும் எடை மெஷின் சொல்லிவிடும்.

மூன்றாம் பெட் தங்கராசு, அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லோடு அடித்தவர். நாற்பது வயது. உடம்பு முடியாமல் லாரியை விட்டுவிட்டு, லோடு லாரிகளை எடை போடும் எடைமேடை கேபினில் வேலை பார்த்தார். அவருக்கு இங்கே வரவே பிடிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவரை ஆட்டோவிலிருந்து தூக்கித்தான் இறக்கினார்கள். கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கியது. ஏழு கிலோ கூடியிருந்தார். கூட வந்த மைத்துனர், மச்சான் சூட்டில் தவித்ததால் தினமும் இளநீர் வெட்டிக் கொடுத்ததாகப் பெருமையாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் இளநீர் வாங்காமல் போகமாட்டார்கள். ஆனால் சிறுநீரகம் நின்றவருக்கு இளநீரில் இருக்கும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும். நான் இதைச் சொன்னதும், கூட வந்திருந்த தங்கராசுவின் மனைவி செல்வி சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் காப்பாற்றிவிட்டார். இன்னொரு முறை இப்படி நடந்தால் ஆஸ்பத்திரி வந்து சேரமாட்டார் என்று செல்வியிடம் சொல்லவும் செய்தார். மெஷினிலிருந்து பிரிக்கும்போது தங்கராசு என்னிடம் கேட்டார்.

“வாரத்துல மூணு நாளு ஊசியக் குத்திக்கிட்டு, ஒரு டம்ளர் தண்ணிக்கு ஏங்கிக்கிட்டு, எதுக்கு சார் இதெல்லாம்?”

ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினேன்.

2. புத்தகம்

வீட்டில் நான் படிப்பது கல்வெட்டுத் தொகுதிகளும் வரலாறும்தான். சென்னையிலிருந்து வந்த மகள் ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவலை விட்டுப்போயிருந்தாள். மூலிகைக் கடை நடத்தும் ஒரு சூனியக்காரிக்கும், ஆற்றில் படகு ஓட்டும் ஒரு ரத்தக்காட்டேரிக்கும் காதல். குறை கண்டுபிடிக்கலாம் என்றுதான் எடுத்தேன். கண்டும் பிடித்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் காட்டேரிக்கு முந்நூறு வயது. பதினோராம் அத்தியாயத்தில் இருநூற்றெண்பது. ஆனால் கீழே வைக்க முடியவில்லை. யூனிட்டுக்கே கொண்டுபோய்விட்டேன்.

முதல் பெட் அஞ்சலை அம்மாள் திருமானூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். அவர் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. என்ன படிக்கிறேன் என்று கேட்டார். ராத்திரியில் மனிதர்களின் ரத்தத்தைக் குடிக்கிறவனின் கதை என்றேன்.

“நம்ம மிசினும் அதானே சார் பண்ணுது? என்ன, இது குடிச்சத திருப்பிக் குடுத்துடுது.”

பேட்ச்சே சிரித்தது. அன்றைக்கே வாசிக்கச் சொன்னார்கள். ஆறு பேரையும் மெஷினில் இணைத்து, முதல் பிரஷர் பார்த்து எழுதிய பிறகு ஆரம்பிப்பேன். ஏதாவது மெஷினில் அலாரம் அடித்தால் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு ஓடுவேன். முத்தம் வருகிற இடங்களைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுவேன். அஞ்சலை அம்மாள் விடமாட்டார்.

“சார், நடுவுல எதையோ முழுங்குறீங்க.”

வயதுக் கணக்கு தப்பாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னேன். “அவன் வயச வச்சு நீங்க என்னா ரேசன் கார்டா போடப்போறீங்க? மேல வாசிங்க” என்றார்.

தங்கராசு மட்டும் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

3. போர்வை இறங்கியது

சூனியக்காரி படகில் உட்கார்ந்து வேர் நறுக்கும்போது கத்தி விரலில் பட்டுவிடுகிறது. அவள் ரத்தத்தைத் தொடுவதில்லை என்று காட்டேரி அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். தொண்டை எரிய, துடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுகரையையே பார்க்கிறான். தாகத்தைப் பற்றி மட்டும் நாலு பக்கம். ஒரு வரி விடாமல் வாசித்தேன். அங்கே படுத்திருந்த எல்லாருக்கும் நாக்கு வறண்டுதான் இருந்தது.

மூன்றாம் பெட்டில் போர்வை இறங்கியது.

“எத்தன நாளு தாங்குவான்?” என்று தங்கராசு கேட்டார்.

நானும் அதுவரைதான் படித்திருந்தேன். அதைச் சொன்னேன்.

“பின்னாடி பொரட்டிப் பாத்துச் சொல்லுங்க சார்.”

“சொல்லமாட்டாரு,” என்றார் அஞ்சலை அம்மாள். “வெள்ளிக்கெழம வந்து கேட்டுக்க.”

அன்றே ஒரு சட்டமும் போட்டார். ஆறு பெட்டும் நிரம்பினால்தான் கதை. ஒருவர் வராவிட்டாலும் யாருக்கும் கிடையாது. யாரை நினைத்துப் போட்ட சட்டம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு வாரம் கழித்துத் தங்கராசு மறுபடி வரவில்லை. நான் கூப்பிட்டேன். உடம்பு அசதி, வரலை என்றார். அஞ்சலை அம்மாள் ஊசி குத்தாத கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

“ஏம்ப்பா தம்பி, அந்தப் புள்ள காட்டுல ஒத்தையில நிக்கிறா. படகுக்காரன் என்னா ஆனான்னு தெரியல. நாங்க அஞ்சு பேரும் கட்டிப்போட்ட மாடு மாதிரி கெடக்குறோம். நீ வூட்டுல காத்தாட படுத்திருக்கியா? கெளம்பி வா.”

வந்தார். அடுத்த ஷிஃப்ட் ஆரம்பிக்கும் நேரம். அவருக்காக ஒரு மெஷினை ஒதுக்கி வைத்திருந்தேன். மற்றவர்கள் டயாலிசிஸ் முடிந்தும், பஸ்ஸை விட்டுவிட்டு, வெளி பெஞ்சில் காத்திருந்தார்கள். அவரை இணைத்த பிறகு அவர்களையும் உள்ளே கூப்பிட்டு, நடுவில் ஸ்டூல் போட்டு ஒரு அத்தியாயம் வாசித்தேன். தங்கராசு யாருக்கும் நன்றி சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் அங்கே இருந்தவரை ஒரு முறைகூட அவர் வராமல் இருந்ததில்லை.

4. எடை

வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையில்தான் இடைவெளி அதிகம். திங்கட்கிழமை எடை எல்லாருக்கும் ஏறித்தான் இருக்கும். வைகாசியில், வெயில் கொளுத்திய ஒரு திங்கட்கிழமை தங்கராசு எடை மெஷினில் ஏறினார். கூடியது இரண்டு கிலோவுக்கும் குறைவு. இறங்கச் சொல்லி, செருப்பைக் கழற்றவைத்து, திரும்ப ஏறச் சொன்னேன். அதே எடைதான்.

“ஓவர்லோடு இல்ல சார், பில்லப் போடுங்க,” என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்த மாதம் பொட்டாசியமும் அளவுக்குள் வந்தது. ஆஸ்பத்திரியில் பேய்க்கதையா என்று முகம் சுளித்திருந்த டாக்டர், ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை பேட்ச்சுக்கும் வாசிக்க முடியுமா என்று கேட்டார். என் சர்வீஸில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டாக அதைத்தான் வைத்திருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஊசி குத்தவும் அலாரம் பார்க்கவும் பயிற்சியில் கற்றுத் தருவார்கள். ஆனால் நோயாளி வீட்டில் இருக்கும் நேரம்தான் அதிகம். அங்கே தண்ணீர்ப் பானைக்கு முன்னால் அவர் தனியாக நிற்கிறார். அந்த நேரத்துக்கும் உங்களால் ஆனதைச் செய்யுங்கள்.

கதையைக் கேட்டுத்தான் தாகத்தை அடக்கினேன் என்று தங்கராசு இன்றும் எல்லாரிடமும் சொல்கிறார். செல்வி இதை ஒத்துக்கொள்வதில்லை. “கதையாவது ஒண்ணாவது. பிரிட்ஜப் பூட்டி சாவிய நான்ல இடுப்புல சொருவியிருந்தேன்” என்றார் என்னிடம். அந்த பிரிட்ஜின் பூட்டு வாங்கிய நாளிலிருந்தே வேலை செய்யாது என்கிறார் தங்கராசு. அவர்கள் வீட்டுக்குப் போய் அந்தப் பூட்டை நான் பார்த்ததில்லை. பார்க்கும்வரை இது சரிபார்க்கப்படாத தகவல் என்றே இங்கே பதிகிறேன்.