ஒட்டகச்சிவிங்கி இறங்காத பள்ளம்

மார்ச் மாதம் இந்தத் தளத்தில் எங்கள் ஆப்பிரிக்கப் பயணத்தைப் பற்றி ஒரு பதிவு எழுதியிருந்தேன். நேற்று அதை நீக்கிவிட்டேன். அதிலிருந்த தூரம், நேரம், செலவு எல்லாம் சரியானவைதான். ஆனாலும் அது நேர்மையான பதிவு இல்லை. அதைப் படித்துவிட்டு, எந்தச் சரணாலயத்துக்குப் போகலாம் என்று கேட்டுப் பதினோரு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் தன் தாயாரை அழைத்துக்கொண்டு நான் போன இடத்துக்கே போகப்போவதாகச் சொல்கிறார். அவருக்காகவாவது உள்ளதை எழுதியாக வேண்டும்.

எனக்கு வயது எழுபத்து நான்கு. தென்காசியில் தனியாக இருக்கிறேன். கணவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. பாளையங்கோட்டையில் கான்வென்டில் படித்தவள். ஆங்கிலத்தில் யாரிடமும் நான் தடுமாறியதில்லை. இதை இங்கே சொல்வது பெருமைக்காக இல்லை. நடந்த தவறுக்குக் காரணமே இதுதான்.

என்னுடன் வந்தவள் கோமதி, என் கணவரின் தங்கை. வயது அறுபத்தாறு, வீடு குத்துக்கல்வலசையில். முப்பது வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். அவள் வேலை பார்த்த அறையின் சுவரில் விலங்குப் படங்கள் போட்ட அட்டை ஒன்று தொங்கியது. அதில் ஒட்டகச்சிவிங்கி குனிந்து தண்ணீர் குடிக்கும் படம் உண்டு. “டீச்சர், இத நேர்ல பாத்திருக்கியளா?” என்று ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு பிள்ளை கேட்குமாம். பார்த்திருக்கிறேன் என்றுதான் இவள் சொல்வாளாம். “முப்பது வருசமாப் பொய் சொல்லியாச்சு மதினி. ஒரு தடவ பாத்துட்டா எல்லாப் பொய்யும் சரியாயிரும்லா” என்றாள். அவள் இந்தப் பயணத்துக்கு ஒத்துக்கொண்டது அதற்காக மட்டுமே. ஆளுக்கு மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம் ஆயிற்று. அவள் பங்கில் பாதியை மகன் கொடுத்தான். மீதி அவளுடைய சேமிப்பு.

பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தேன். மார்ச் கடைசியில் அங்கே பெருமழை தொடங்கிவிடும் என்று படித்திருந்தேன். தென்காசியில் ஒரு பயண அலுவலகத்தில், பொறுப்பிலிருந்த பெண் மூன்று தாள்களை எங்கள் முன்னால் வைத்தாள். முதலாவது கென்யாவின் மசாய் மாரா. எங்கள் தெருவில் ஒரு அம்மாள் மகனுடன் அங்கே போய்வந்து, கல்யாண வீடு தவறாமல் வீடியோவைக் காட்டிக்கொண்டிருக்கிறார். அவர் பார்த்த இடத்தையே நானும் பார்ப்பதாவது என்று அந்தத் தாளைத் தள்ளி வைத்தேன். இரண்டாவது தான்சானியாவின் தரங்கிரே. அங்கே யானைக் கூட்டம் விசேஷம் என்று போட்டிருந்தது. நமக்கு வாசுதேவநல்லூர் தொடங்கிக் குற்றாலம் வரை மலையடிவாரத்துத் தோப்புகளில் யானை வாழையைத் தின்றுவிட்டுப் போகிறது. அதைப் பார்க்க விமானம் ஏற வேண்டுமா என்று அதையும் நீக்கினேன். மூன்றாவது கோரோங்கோரோ. பழைய எரிமலை வாய்; அறுநூறு மீட்டர் ஆழம். அந்தப் பள்ளத்துக்குள்ளேயே சிங்கம், காண்டாமிருகம், எருமை எல்லாம் இருக்கின்றன. அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

“மதினி, இதுல ஒட்டகச்சிவிங்கி நிக்குமா?” என்று கோமதி கேட்டாள்.

“ஆப்பிரிக்கா முழுக்க நிக்கும்” என்றேன்.

அந்தப் பெண் விடவில்லை. “அம்மா, தரங்கிரேல ஒரு நாளாவது போடுவோம். வயசானவங்களுக்கு அங்கன சௌகரியம். ரோட்டோரத்துலயே எல்லாம் மேஞ்சுக்கிட்டு நிக்கும்.”

“ஐ ஹேவ் டன் மை ரீடிங்” என்றேன். அந்தப் பெண் மற்ற இரண்டு தாள்களையும் எடுத்து வைத்துவிட்டாள். படித்திருந்தேன் என்பது உண்மைதான். இரண்டு வாரம் படித்து, அச்செடுத்து, சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். அந்தத் தாள்கள் இப்போது என் மேஜைமேல் இருக்கின்றன. நான்காம் பக்கத்தில், தங்கும் விடுதியில் வெந்நீர் உண்டு என்ற வரிக்குக் கீழே கோடு இருக்கிறது. அதற்கு அடுத்த வரி: பள்ளத்துக்குள் ஒட்டகச்சிவிங்கி கிடையாது, சரிவு செங்குத்தாக இருப்பதால் அவை இறங்குவதில்லை.

தென்காசியிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் காரில் மூன்றே கால் மணி நேரம். வளைகுடாவில் விமானம் மாறி, கிளிமஞ்சாரோ நிலையத்தில் இறங்கினோம். ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒருவரே, எலியா என்று பெயர். அந்த ஊரில் வயதான பெண்களை “மாமா” என்று அழைக்கிறார்கள். அம்மா என்று பொருளாம். கோமதி இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். “எங்க மாமா உயிரோட இருந்தா என்னயப் பாத்துக் கும்பிட்டிருப்பாரு.”

அருஷா நகரிலிருந்து கராட்டு என்ற சிற்றூருக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர். நல்ல தார்ச்சாலை, மூன்று மணி நேரம். வழியெல்லாம் மழை, மாடுகளைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. மறுநாள் ஐந்து இருபதுக்குக் கிளம்பினோம். சரணாலய வாசல் ஆறு மணிக்குத் திறக்கும். காண்டாமிருகத்தைப் பார்க்க வேண்டுமானால் முதல் வண்டிகளோடு இறங்கிவிட வேண்டும் என்று படித்திருந்தேன். ஏழரைக்குப் பள்ளத்தின் அடியில் இருக்க வேண்டும் என்று எலியாவிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். பள்ளத்தின் விளிம்பில் குளிர் கடுமை. கோமதி வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு, தலையில் மப்ளரைச் சுற்றி, வலப்பக்க ஜன்னலில் சாய்ந்து உறங்கிவிட்டாள்.

மலாஞ்சா என்ற புல்வெளிச் சரிவில் எலியா வேகத்தைக் குறைத்தார். “மாமா, இடப்பக்கம். ஒட்டகச்சிவிங்கி, மூன்று. ஒன்று தண்ணீர் குடிக்கிறது. எளிதில் கிடைக்கும் காட்சி இல்லை. நிறுத்தவா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“வேண்டாம். உள்ளே நிறையப் பார்க்கலாம்” என்றேன்.

“உள்ளே இது இல்லை, மாமா. கீழே இறங்காது.”

அவர் சொன்னது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. வழியில் நிறுத்தி நிறுத்தி நேரத்தைக் கடத்தப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: இரண்டு வாரம் படித்தவளுக்கு ஓட்டுநர் திருத்தம் சொல்வது பிடிக்கவில்லை. “ப்ளீஸ் டிரைவ் ஆன்” என்றேன். பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில்தான் கோமதி இருந்தாள். நான் தட்டி எழுப்பவில்லை.

ஏழு இருபத்தெட்டுக்குப் பள்ளத்தின் அடியில் இருந்தோம்.

பதினோரு மணிக்குள் சிங்கங்கள் ஒன்பது, எருமைக் கூட்டம், தூரத்தில் ஒரு காண்டாமிருகம், நெருப்புக்கோழி எல்லாம் பார்த்தாகிவிட்டது. நான் நோட்டில் ஒவ்வொன்றாகக் குறித்தேன். கோமதி எழுந்து நின்று, வண்டியின் திறந்த கூரைக் கம்பியைப் பிடித்தபடி மரங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் நீர்யானைக் குளத்தருகே சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது, அவளே எலியாவிடம் போனாள். வலது கையைத் தூக்கி, மணிக்கட்டை மடக்கிக் கழுத்தும் தலையுமாகக் காட்டினாள். எலியா சிரித்து, “ட்விகா” என்று தங்கள் மொழியில் ஒட்டகச்சிவிங்கியின் பெயரைச் சொன்னார். பிறகு இல்லை என்று தலையசைத்து, விளிம்பை நோக்கிக் கையைக் காட்டினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“என்ன சொல்லுதாரு மதினி?”

“மேல போற வழியில பாக்கலாமாம்” என்றேன்.

என் வாழ்நாளில் நான் செய்த மோசமான மொழிபெயர்ப்பு அது. மாலை ஏறிய பாதை வேறு. அங்கே காடும் மூடுபனியும்தான். கோமதி இந்த முறை உறங்கவில்லை. கராட்டு வரும்வரை கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாளும் அதே பள்ளம்தான் எங்கள் திட்டம். மலாஞ்சாவில் நிறுத்தச் சொன்னேன். எலியா ஒன்றும் கேட்காமல் நிறுத்தினார். வண்டியின் முகப்பு விளக்குக்கு அப்பால் எதுவும் தெரியாத பனி. இருபத்தைந்து நிமிடம் நின்றோம். “எதுக்கு நிக்கோம்?” என்று கோமதி கேட்டதற்கு, இன்ஜின் சூடாகிவிட்டது என்று சொன்னேன். அந்தக் குளிரில்.

ஊருக்கு வந்து நான் பதிவு எழுதினேன். கோமதி என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தாள். “எங்க மதினி வெள்ளைக்காரி மாதிரி பேசி எல்லாத்தயும் காட்டிட்டாக. ஒட்டகச்சிவிங்கிதான் அன்னைக்கு எங்கயோ சோலியாப் போயிருச்சு.” என் எதிரிலேயே நாலைந்து வீடுகளில் இப்படிச் சொன்னாள். நான் காப்பியைக் குடித்துக்கொண்டு இருந்தேன்.

இப்போது குற்றாலத்தில் சீசன். போன வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு இருவரும் ஆட்டோவில் ஐந்தருவிக்குப் போனோம். வார நாள், கூட்டம் குறைவு. குளித்துவிட்டுத் தலையைத் துவட்டும்போது, ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து கோமதியின் காலைத் தொட்டாள். அங்கன்வாடியில் இவளிடம் இருந்த பிள்ளையாம்.

“டீச்சர், ஆப்பிரிக்கா போனியளாமே. அந்தப் படத்துல உள்ளத மறுபடியும் பாத்தியளா?”

“ஏட்டி செல்வி, அப்ப சொன்னது பொய்யிட்டி. இப்பவும் பாக்கல” என்றாள் கோமதி. “அது நிக்குற ஊருக்கே போயும் எனக்குக் கொடுத்து வைக்கல பாத்துக்கோ.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

செல்வி போனபின், ஈரத் துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உறங்கியது, எலியா கேட்டது, நான் தடுத்தது, மதியம் மாற்றிச் சொன்னது, இன்ஜின். சுக்குக்காப்பி ஆறிப்போயிற்று.

கடைசியில், “எத்தன நின்னுச்சு?” என்றாள்.

“மூணு.”

“தண்ணி குடிச்சதுன்னா, காலு ரெண்டயும் அகட்டிக்கிட்டா? படத்துல அப்படித்தான் போட்டிருக்கும். நெசத்துலயும் அப்படித்தானான்னு பாக்கணும்னு இருந்தேன்.”

எனக்குத் தெரியவில்லை. எலியா கையைக் காட்டியபோது நான் குனிந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயரமாக ஏதோ நின்றது; அவ்வளவுதான். அதையும் சொன்னேன்.

“அப்போ மணி என்ன?”

“ஏழு பத்து.”

“அத மட்டும் சரியாப் பாத்துட்டிய” என்றாள். பிறகு எழுந்துபோய் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

அடுத்த பிப்ரவரியில் தரங்கிரே போவோம், முழுச் செலவும் என்னுடையது என்று மறுநாள் போய்ச் சொன்னேன். “முட்டி ரெண்டும் போயிட்டு மதினி. ஏரோப்ளேன்ல அம்புட்டு நேரம் இனி உக்கார ஏலாது” என்றாள். போன முறையே விமானத்தில் அவள் காலை நீட்ட முடியாமல் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இனி, கேட்டவர்களுக்கு. கோரோங்கோரோ பிரமாதமான இடம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். தரங்கிரேயில் ஒரு நாளாவது சேருங்கள். யானையை ஊரிலேயே பார்த்தாயிற்று என்று என்னைப் போல அதைத் தள்ளிவிடாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றி இரண்டு மாதம் முன்பே விசாரியுங்கள். அறுபது தாண்டியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. விளிம்பில் கம்பளி ஆடை இல்லாமல் முடியாது. வாந்தி மாத்திரை தூக்கம் தரும்; போட்டவர்களை எதற்கு எழுப்ப வேண்டும் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சரணாலயத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், கூட வருபவர்கள் எந்த ஒரு விலங்குக்காக வருகிறார்கள் என்று கேட்டு, அது அங்கே உண்டா என்று பாருங்கள். ஓட்டுநர் நிறுத்தவா என்று கேட்டால், நிறுத்தச் சொல்லுங்கள். அவர் சொல்வதைக் கூட வந்தவர்களுக்கு உள்ளபடி சொல்லுங்கள்.

வெளியிடுவதற்கு முன் இந்தப் பதிவைக் கோமதிக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். எதையும் எடுக்கச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

“ஏழு பத்துன்னு போட்டிருக்கியளே, அது நம்ம ஊரு மணியா, அந்த ஊரு மணியா?”

“அந்த ஊர் மணி. நமக்கு ரெண்டரை மணி நேரம் கூட.”

அவள் விரல்விட்டு எண்ணினாள்.

“அப்போ இங்க ஒம்பது நாப்பது” என்றாள். “பிள்ளைய எல்லாம் வந்து படத்துக்குக் கீழ உக்காந்திருக்கும்.”