நாளைக்கு வர்றாங்களாம்

அந்தத் தெருவில் பூட்டுக்காரர் என்றால் அவர் ஒருவர்தான். கடை என்று பெயர், இருப்பது ஓர் ஒடுக்கமான அறை. சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்கச் சாவி. சாவி வெட்டும் மெஷின் முன்னால் அவர் உட்கார்ந்துவிட்டால் அவருக்குப் பின்னால் ஒரு பூனைகூட நுழைய முடியாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள், காருக்குள் சாவியை விட்டவர்கள் என்று வருகிறவர்களில் பாதிப் பேர் மூச்சு வாங்கத்தான் வந்து நிற்பார்கள். "கதவு எங்கேயும் ஓடிடாதுங்க" என்று சொல்லிக்கொண்டே நிதானமாக ஸ்க்ரூடிரைவரைத் தேடுவார். அவர் வாயில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருந்த பேச்சு அது. ஒரு வருடமாக அதை அவர் சொல்வதில்லை.

வீட்டில் மனைவி, நாலாம் வகுப்புப் படிக்கும் மகள், பிறகு ஒரு சாம்பல் நிறக் கிளி. மகளின் சேட்டை தாங்காமல் எல்லோரும் அவளை வாலு என்று கூப்பிட்டார்கள். கூண்டுக்குள் தலையைச் சாய்த்து, ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பார்த்து, இங்கேயும் அங்கேயும் நடந்துகொண்டிருந்த கிளிக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது வாலுதான்.

மேனேஜருக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம். முதலில் தொண்டையைச் செருமும், வயதான மனிதர் செருமுவது போல. பிறகு சொல்லும்: "நாளைக்கு வர்றாங்களாம்."

வாலுவுக்கு அது பெரிய வேடிக்கை. "யாரு மேனேஜர் வர்றாங்க? எத்தனை பேரு?" என்று கூண்டருகே போய்க் கேட்பாள். மனைவி சமையலறையிலிருந்து, "யாரோ விருந்தாளி வர்றாங்களாமே, ஒரு கைப்பிடி அரிசி கூடப் போடட்டுமா?" என்று குரல் கொடுப்பாள். இருவரும் சிரிப்பார்கள். பூட்டுக்காரர் மட்டும் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருப்பார். ஒரு ஷூவுக்கு லேஸ் கட்ட அவ்வளவு நேரம் யாருக்கும் ஆகாது.

கிளி வந்த கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தனியாக இருந்த பெரியவர் ஒருவர் தன் வீட்டுக்குள்ளேயே இறந்துபோனார். கிளி விடாமல் கத்தியதால் பக்கத்து வீட்டார் சந்தேகப்பட்டுப் பூட்டுக்காரரை அழைத்தார்கள். அவர்தான் கதவைத் திறந்தார். வெளியூரில் இருந்த பெரியவரின் மகள், கிளியை யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டாள். யாரும் முன்வரவில்லை. இவர் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான் அவர் வீட்டில் சொன்னது.

சொல்லாதது வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் செல்போனுக்கு அழைப்பு வந்தது. "தம்பி, வாசக்கதவு மாட்டிக்கிச்சு. உள்ளேருந்து திறக்க வரல. கைப்பிடி கையோட வந்துருச்சு." பெரியவரின் குரலில் பதற்றமே இல்லை. தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிப்புக் கேட்கிற குரல். பூட்டுக்காரர் தோளில் பையோடு கடைவாசலில் நின்றிருந்தார். எதிரே அவருடைய நண்பன் காரைக் கிளப்பி வைத்துக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். "அவசரமாங்க?" என்று கேட்டார். "அவசரம்னு இல்ல தம்பி. வீட்ல சாப்பாட்டுச் சாமான் எல்லாம் இருக்கு" என்றார் பெரியவர். "அப்ப நாளைக்கு வர்றேங்க. கதவு எங்கேயும் ஓடிடாது." பெரியவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இவர் காதில் இன்னும் இருக்கிறது.

நாளைக்கு வர முடியாது என்று தெரிந்தேதான் அவர் அப்படிச் சொன்னார்: அந்தச் சனியும் ஞாயிறும் இரண்டு குடும்பமாக ஏரிக்கரையில் ஒரு மரவீட்டில் இருந்தார்கள். அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. திங்கட்கிழமை கடையில் போனைப் பார்த்தபோது அதே எண்ணிலிருந்து இரண்டு தவறிய அழைப்புகள்: சனி மதியம் ஒன்று, ஞாயிறு காலை ஒன்று. வரிசையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். கொஞ்சம் கழித்துக் கூப்பிடலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தார். செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டாரின் அழைப்பு வந்தது. வாசல்படி ஏறும்போதுதான், பெரியவர் போனில் அடையாளம் சொன்ன வீடு அது என்று புரிந்தது.

கதவைத் திறக்க அவருக்கு நாலு நிமிடம் ஆனது. உள்ளே போனவர் எல்லோரையும் போலப் பெரியவரைப் பார்க்கவில்லை. தொழில் புத்தி, கதவின் உட்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். பூட்டைச் சுற்றிக் கீறல்கள். தரையில் கழன்ற கைப்பிடி, பக்கத்தில் நுனி வளைந்த ஒரு சாப்பாட்டு மேசைக் கத்தி. ஆழமான கீறல் எது, கை சோர்ந்த பிறகு விழுந்த கீறல் எது என்று அவருக்குப் படிக்கத் தெரியும். படித்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமையாக இருக்கலாம் என்றார். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

கிளி மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. ஒரு நாள் காலை அவர் கடைக்குக் கிளம்பும்போது தொண்டையைச் செருமிக்கொண்டது. அந்த வாக்கியத்தைச் சொன்னது. ஒரு வார்த்தையைக் கிளி பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால் அதை எத்தனை முறை கேட்டிருக்க வேண்டும்! கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வேறு யாரும் இல்லாமல், கிளியிடமே அந்த மனிதர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து, கிளி செருமிவிடுமோ என்று, பூட்டுக்காரர் தன் வீட்டுக்குள் சத்தமில்லாமல் நடக்கப் பழகினார்.

அதற்குப் பிறகு நண்பன் எத்தனையோ முறை வெளியூர் போகக் கூப்பிட்டான். அவன் கண்ணாடி வெட்டுகிறவன். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி. வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர். வேலை இருக்கிறது, உடம்பு சரியில்லை, கிளியை யாரிடம் விடுவது என்று பூட்டுக்காரர் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பார். ஒரு வருடம் கழிந்த பிறகு ரேடியோ நேராக வீட்டுக்கே வந்து சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"கிளியையும் தூக்கிட்டு வா. என் நாயி வருது, உன் கிளி வரக்கூடாதா? இன்னைக்கு நீ சரின்னு சொல்லாம நான் எழுந்திருக்க மாட்டேன். தங்கச்சி, ராத்திரிச் சாப்பாடு எனக்கும் சேர்த்துப் போடு."

"போலாம்பா, போலாம்பா" என்று வாலு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மனைவி ஒன்றும் சொல்லாமல் அவர் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் அவர் சரி என்றார்.

இந்த முறை ரேடியோவின் மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். நாலு பேர், ஒரு நாய், ஒரு கிளி என்று சனிக்கிழமை காலை கிளம்பினார்கள். அதே ஏரி, அதே மரவீடு. நாயின் பெயர் பொட்டலம். குட்டியில் யாரோ பையில் சுருட்டி ரேடியோவின் கடைவாசலில் போட்டுவிட்டுப் போனது. இப்போது கன்றுக்குட்டி அளவு வளர்ந்திருந்தது. ஆனால் மேனேஜர் ஒரு முறை செருமியதும் வாலைக் காலுக்கிடையில் சொருகிக்கொண்டு முன்சீட்டுக்கு ஏறி ரேடியோவின் மடியில் விழுந்தது. "டேய், நான் வண்டி ஓட்டுறேண்டா!" என்று அவன் அலறினான். வாலு சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள். பூட்டுக்காரருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. போன முறையும் இதே வளைவில்தான் சிரித்தோம், அந்நேரம் அங்கே அவர் கத்தியை எடுத்திருப்பார் என்று ஒரு கணக்கு உள்ளுக்குள் ஓடியது.

அன்று முழுவதும் அப்படித்தான். படகில் ஏறினால், சனி மதியம், முதல் போன். வாலு தண்ணீரில் கல்லைத் தத்த விட்டால், இந்நேரம் கை வலித்திருக்கும். ஏரி அழகாகத்தான் இருந்தது. அவரால் அதை நேராகப் பார்க்க முடியவில்லை.

ஞாயிறு காலை மனைவி உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தாள். வாலுவும் பொட்டலமும் கரையோரம் குச்சி விளையாட்டில் இருந்தார்கள். நண்பர்கள் இருவரும் மரவீட்டின் படியில் உட்கார்ந்திருந்தார்கள். கூண்டு மேலே உத்தரத்தில் தொங்கியது. ரேடியோ தன் கடையில் ஒருத்தர் அளவு தப்பாகச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் திட்டிய கதையை விரித்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் செருமியது.

"நாளைக்கு வர்றாங்களாம்."

"அடேங்கப்பா! யாருடா அது, நேத்துலேருந்து வர்றாங்க வர்றாங்கன்னே சொல்லுது?" ரேடியோ அண்ணாந்து பார்த்தான்.

"நான்தான்" என்றார் பூட்டுக்காரர்.

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து விழுந்துவிட்டது. விழுந்த பிறகு மீதியைப் பிடித்து வைக்க முடியவில்லை. போன் வந்தது, கதவு ஓடிடாது என்றது, தவறிய அழைப்புகள், கீறல்கள் எல்லாவற்றையும் ஏரியைப் பார்த்தபடியே சொன்னார். போனை எடுத்து அந்த இரண்டு அழைப்புகளையும் காட்டினார். ஒரு வருடமாக அழிக்காமல் வைத்திருந்தார்.

ரேடியோ போனை வாங்கி அந்த இரண்டு அழைப்புகளின் தேதியையும் பார்த்தான்.

"ஹாரன் அடிச்சது நான்தானே" என்றான். "யாரு போன்லன்னுகூடக் கேட்டேன். ஒண்ணுமில்ல, ஒரு பெரியவருன்னு சொன்ன."

"நீ என்னடா பண்ணுவ?"

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். அதான் சொல்றேன். என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? நான் உன் ஃப்ரெண்டு, உன் பக்கம்தான் பேசுவேன். அந்தப் பெரியவரோட பொண்ணுகிட்டச் சொன்னியா?"

"இல்ல."

"அப்ப யார்கிட்டயும் சொல்லலன்னு அர்த்தம்."

பின்னால் தட்டில் மூன்று டம்ளரோடு மனைவி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, காபியில் ஆவி அடங்கிப்போயிருந்தது. "ஒரு வருஷமா இதையா உள்ள வச்சுக்கிட்டு என்கிட்ட உப்பு தீந்துபோச்சு, சோப்பு தீந்துபோச்சுன்னு பேசிட்டிருந்தீங்க?" என்றாள். "நான் வேற அது சொல்றப்பல்லாம் சிரிச்சுத் தொலைச்சேனே!" தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவரைத் தொடவில்லை. எழுந்தும் போகவில்லை.

திங்கட்கிழமை கடையைத் திறப்பதற்கு முன்பே அவர் பெரியவரின் மகளுக்குப் போன் செய்தார். பக்கத்து வீட்டாரிடம் எண் இருந்தது. கிளியைப் பற்றிப் பேச வேண்டும், நேரில்தான் சொல்ல முடியும் என்றார். "சனிக்கிழமை வர்றேன்" என்றாள் அவள்.

சொன்னபடி வந்தாள். நாற்பது வயதிருக்கும்; ஆபீசில் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு செய்கிறவள் என்று தோற்றம் சொன்னது. வாலுவை ரேடியோ வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வந்தவள் கைப்பையை மடியில் வைத்தபடி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று பூட்டுக்காரர் ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்தார். ஆரம்பிக்க விடவில்லை, கிளி முந்திக்கொண்டது. செருமியது. சொன்னது.

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அப்பாவின் குரல். கொஞ்சமும் பிசகாத குரல்.

"என்னைத்தான் சொல்றார்" என்றாள்.

பூட்டுக்காரருக்குப் புரியவில்லை.

"அப்பா என்னைச் சின்ன வயசிலேருந்து வாங்க போங்கன்னுதான் கேலியாக் கூப்பிடுவார். மேடம் எந்திரிச்சாங்களா, மேடம் சாப்பிட்டாங்களான்னு. ரெண்டு வருஷமா நான் வரல. ஒவ்வொரு தடவையும், நாளைக்கு வர்றேன்பான்னு சொல்வேன். அந்தச் சனிக்கிழமைகூட போன் பண்ணினார். நாளைக்கு வர்றேன்னேன். வேலை இருந்துச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். வேலை ஒண்ணும் இல்ல. அந்த ஞாயித்துக்கிழமை படுத்துத் தூங்கினேன்."

அந்த நொடியில் பூட்டுக்காரரின் நெஞ்சுக்குள் அப்பாடா என்று ஒன்று அவிழ்ந்தது. கிளி சொன்னது தன்னை இல்லை. ஒரு வருடமாக வேறு யாருக்கோ வந்த கடிதத்தை இவர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். வாயை மூடிக்கொண்டால் போதும், கிளியை அவளோடு அனுப்பிவிடலாம். சமையலறை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டவுமில்லை, கண்ணைக் காட்டவுமில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவளின் தோள்கள் இரண்டும் கூண்டின் கம்பி போல விறைத்திருந்தன.

"உங்கள இல்லம்மா" என்றார். "என்னை."

முழுவதையும் சொன்னார். கீறலைக்கூட மறைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கோபப்படுவாள், எழுந்து போவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கேட்டது ஒன்றுதான்: "கதவு மாட்டிக்கிச்சுன்னு என்கிட்ட சொல்லவே இல்லையே அவரு?"

"எங்கிட்டயும் அவசரமில்லன்னுதாம்மா சொன்னாரு."

"சொல்ல மாட்டார். அதான் அப்பா." கைப்பையின் வாரை முறுக்கியபடி, "நீங்க அடுத்த நாளே வந்திருந்தா?" என்றாள்.

"நாலு நிமிஷ வேலைம்மா."

அதற்கு மேல் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. அவளும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. கிளி யாரைச் சொல்கிறது என்று மறுபடி பேச்சு எழுந்தது. என்னைத்தான் என்றாள் அவள். இல்லை, என்னைத்தான் என்றார் இவர். சொத்துக்கு அடித்துக்கொள்கிறவர்களைப் போல இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். ஒரு கட்டத்தில் மனைவி வந்து, "ரெண்டு பேரும் மொதல்ல சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டார்கள்.

கிளியை எடுத்துப் போகிறேன் என்று அவளும் கேட்கவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று இவரும் சொல்லவில்லை. கிளம்பும்போது அவளை பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விடப் போனார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நிறுத்தத்தின் தகரக் கூரைக்குக் கீழே ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

"சின்ன வயசுல அப்பா எனக்கு சைக்கிள் கத்துக்குடுத்தார்" என்றாள் அவள் திடீரென்று. "பின்னாடி பிடிச்சுக்கிட்டே ஓடி வர்றேன்னு சொல்லிட்டு, தெருமுனையிலயே நின்னுக்கிட்டார். நான் திரும்பிப் பாக்காம ரொம்ப தூரம் போயிட்டேன்."

"விழுந்தீங்களா?"

"இல்ல. கடைவீதி வரைக்கும் போயிட்டேன். எப்படித் திரும்பறதுன்னு தெரியாம அங்க நின்னு அழுதேன். அவர்தான் நடந்து வந்தார். எவ்வளவு நேரம் நடந்திருப்பார்னு இப்பத்தான் நினைச்சுப் பாக்கறேன்."

பஸ் வந்தது. கதவு திறந்தது. அவள் ஏறவில்லை. டிரைவர் ஒரு முறை பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு போனார். அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. பூட்டுக்காரர் பெஞ்சில் தேங்கியிருந்த தண்ணீரைக் கைக்குட்டையால் துடைத்து இடம் செய்தார். அவள் உட்கார்ந்தாள். அவர் அந்தப் பக்க நுனியில் உட்கார்ந்தார்.

"மெக்கானிக் ஆகணும்னு ஆசைப்பட்டவர் அப்பா" என்று அவள் ஆரம்பித்தாள். பூட்டுக்காரர் கேட்கத் தொடங்கினார்.