முருகன் துனை

தம்பி மஸ்கட்டுக்கு வேலைக்குக் கிளம்பியபோது தன் மோட்டார் சைக்கிளை எங்கள் அஸ்தினாபுரம் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அது அவன் வாங்கும்போதே கிழட்டு வண்டி. அவனைவிட வயதில் மூத்தது. ஆனாலும் பெற்ற பிள்ளையை ஒப்படைப்பதுபோல என் கணவரிடம் ஆயிரம் சொன்னான். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணணும் மாமா, மழையில நிக்கக் கூடாது மாமா, டேங்க்கை மட்டும் காலியா விட்டுடாதீங்க, காலியா இருந்தா உள்ளே துரு பிடிச்சிடும். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்த டேங்க்கின் மேல் வெள்ளைப் பெயிண்ட்டில் ‘முருகன் துனை’ என்று எழுதியிருந்தது. மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். எழுத்துப் பிழையைக் கண்டால் எனக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கும். வண்டி வாங்கிய புதிதில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோதே அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். “பத்தாவது பாஸ் பண்ணவன் எழுதற லட்சணமாடா இது? முருகனே பார்த்தா மயிலை விட்டு இறங்கி ஓடிடுவாரு” என்று சத்தமாகச் சிரித்தேன். தம்பியும் சிரித்தான். பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா பாதித் துணியோடு உள்ளே போய்விட்டாள். அம்மா ரேஷன் கடையில் கைநாட்டு வைப்பவள். அவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் அம்மா போய்விட்டாள்.

டேங்க்கைக் காலி பண்ணியது நான்தான். என்னிடம் ஒரு மொபெட் இருந்தது. அதில்தான் பல்லாவரத்துக்குப் பள்ளிக்கூடம் போய் வருவேன். பெட்ரோல் விலை ஏறிய சமயம் ஒரு நாள் ரப்பர் குழாயை விட்டுத் தம்பி வண்டியிலிருந்து கொஞ்சம் எடுத்தேன். சம்பளம் வந்ததும் ஊற்றிவிடலாம் என்றுதான் எடுத்தேன். ஊற்றவில்லை. மறுபடி எடுத்தேன். குழாயில் வெறும் காற்று வந்தபோது வண்டிமேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினேன். அதன் பிறகு அந்தப் பக்கம் பார்ப்பதையே தவிர்த்தேன். அவர் ஸ்டார்ட் பண்ணுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

தம்பி லீவில் வருகிறான் என்று கடிதம் வந்ததும் இரண்டு பேருமாக வண்டிமேல் இருந்த போர்வையை எடுத்தோம். டேங்க் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே செங்கல் பொடி கொட்டிவைத்த மாதிரி இருந்தது. மேற்குத் தாம்பரம் மெக்கானிக் டேங்க்கைக் கழற்றி, உள்ளே ஜல்லியும் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கினார். துரு வந்தது. துருவோடு அடித்தகடும் பொடிப்பொடியாக வந்தது. ஓட்டையில் சோப்பை வைத்து அடைத்துப் பார்த்தார். ஓர் இடத்தை அடைத்தால் இன்னோர் இடத்தில் கசிந்தது.

“இன்னா சார், வண்டிய வச்சிக்கினு தூங்கிட்டீங்களா? துருதான் டேங்க்கைப் புட்ச்சிக்கினு கீது. வேற டேங்க்கு பாருங்க” என்றார்.

என் கணவர் புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் கடைகளாக அலைந்து அதே அளவில் ஒரு பழைய டேங்க்கைத் தேடிக் கொண்டுவந்தார். ஓட்டை டேங்க்கை அந்தக் கடையிலேயே போட்டுவிட்டு வந்திருந்தார். அது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. கண்ணில் படாமல் ஒழிந்தது. வந்த டேங்க்குக்கு அதே கறுப்புப் பெயிண்ட் அடித்து, எழுதுவதற்குக் கடை போர்டு எழுதும் பெயிண்டர் ஒருவரை வீட்டுக்கு வரச் சொன்னோம்.

“இன்னாம்மா எழுதணும்?” என்றார் பெயிண்டர்.

“அவன் எழுதின மாதிரியே தப்பா எழுதச் சொல்லு. இல்லேன்னா கண்டுபிடிச்சிடுவான்” என்று என் கணவர் என் காதில் முணுமுணுத்தார். அவர் சொன்னதுதான் சரி. ஆனால் என் வாசலில், என் கண்ணெதிரே, ஒருவரை நிற்கவைத்துத் தப்பாக எழுத வைக்க எனக்கு வாய் வரவில்லை. மூணு சுழி ணை போடுங்க என்றேன். பழைய எழுத்தில் ‘னை’க்கு யானைத் தும்பிக்கை மாதிரிக் கொம்பைத் தூக்கிப் போட்டிருந்ததையும் விட்டுவிட்டு, நான் வகுப்பில் சொல்லித்தருகிற புது எழுத்தில் எழுதச் சொன்னேன். அச்சடித்த மாதிரி வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தம்பி வந்ததும் வண்டியைத்தான் முதலில் பார்த்தான். கையால் தடவினான்.

“நீ வர்றேன்னுதான் புதுசா ஒரு கோட்டிங் அடிச்சோம்” என்றார் என் கணவர்.

அவன் எழுத்தைப் பார்த்தபடியே நின்றான். “அக்கா, துணையைத் திருத்திட்டியா?”

“பின்னே? தமிழ் டீச்சர் வீட்டு வாசல்ல அப்படியே விடச் சொல்றியா? உனக்குத்தான் ரெண்டு சுழி மூணு சுழி சாகிற வரைக்கும் வராது.”

“அது நான் எழுதினது இல்லக்கா. அம்மா எழுதினது.”

எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்கு ஏது எழுத்து என்றேன்.

“நீ கல்யாணமாகிப் போனப்புறம் பேப்பரைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் பழகினாங்க. வண்டி வாங்கினதும் நான்தான் பிரஷ்ஷைக் கையில குடுத்தேன். மத்தியானம் பூரா உக்காந்து எழுதினாங்க. உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னாங்க. ‘அவ சிவப்புப் பேனாவை எடுத்துட்டு வந்துடுவாடா’ன்னு சிரிச்சாங்க.”

பாதித் துணியோடு உள்ளே போன அம்மாவின் முதுகு கண்முன் வந்து நின்றது. அன்று நான் எவ்வளவு சத்தமாகச் சிரித்தேன்! என் அம்மா வாழ்நாளில் எழுதிய எழுத்து அது ஒன்றுதான். அதை முதலில் கேலி செய்தேன். பிறகு பெட்ரோலை உறிஞ்சித் துருவுக்குத் தின்னக் கொடுத்தேன். மிச்சம் இருந்ததைத் திருத்தியும் வைத்தேன்.

என் முகத்தைப் பார்த்துத் தம்பி பதறிப்போனான். “ஐயோ, நீ ஏன் அழற? பெயிண்ட்டுக்கு அடியில அம்மா எழுத்து அப்படியேதானே இருக்கும்? எனக்கு அது போதும்க்கா.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். இருவருமே வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அவர் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் புதுப்பேட்டைக்கு ஓடினார். அந்த டேங்க்கை உடைத்து இரும்போடு இரும்பாக அனுப்பிவிட்டார்களாம்.

தம்பி இப்போது மஸ்கட்டை விட்டுவிட்டு வந்து சேலையூரில் இருக்கிறான். வண்டியை ஊருக்கே காட்டுகிற மாதிரி வைத்திருக்கிறான். சக்கரம், சீட், சைலன்சர் எல்லாம் மாற்றிவிட்டான். டேங்க்குக்கு மட்டும் பெயிண்ட் அடிக்க யாரையும் விடுவதில்லை. போன பொங்கலுக்கு வந்தபோது ஓரத்தில் பெயிண்ட் உரிந்திருந்த இடத்தை என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

“தானா உரியுதுக்கா. நான் கை வைக்கல. இன்னும் கொஞ்சம் உரிஞ்சா அம்மா எழுத்து தெரிஞ்சிடும்.”

ஆமாம்டா என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனேன்.