மெல்லிசைக்கு இடமில்லை

சென்னை பாடியில் இருந்த ஒரு மெல்லிசைக் குழுவில் நானும் என் சிநேகிதியும் பல வருடங்கள் ஒன்றாக இருந்தோம். கல்யாண வரவேற்பு, ஆடி மாதக் கோயில் கச்சேரி என்று எங்கே போனாலும் முன் மைக் எனக்குத்தான். அவள் குரலில் ஒரு கரகரப்பு உண்டு. கோரஸ் பாடப் பின்னால் நிற்பாள். அது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

வரவேற்புகளுக்கு டீஜே வந்ததும் எங்கள் கச்சேரிகள் குறைந்தன. அவள் ஒரு நாட்டுப்புறப் பாட்டுக் குழு ஆரம்பித்தாள். சென்னீர்குப்பத்தில் அவள் வீட்டார் நிலம் வைத்திருந்த காலத்து நடவுப் பாட்டுகளையெல்லாம் பாடினாள். நகரத்துப் பூங்காக்களில் அரசு கிராமியக் கலை விழா நடத்திக்கொண்டிருந்த சமயம் அது. அவள் குழு தேர்வானது. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை கிடைத்தது. பிறகு டெல்லிக்கே பாட அனுப்பினார்கள்.

செங்கோட்டை முன்னால் அவள் நிற்கும் படத்தை ஆவடி குவார்ட்டர்ஸ் சமையலறையில் நின்று போனில் பார்த்தேன். அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்தது. ஒரு லைக் போட எனக்கு மனம் வரவில்லை.

எனக்கும் அந்த அட்டை கிடைக்குமா என்று மறு வாரமே கலை பண்பாட்டுத் துறை அலுவலகத்தில் விசாரிக்கப் போனேன்.

"சினிமாப் பாட்டுக்கு இந்தத் திட்டத்துல இடமில்லம்மா. கிராமியக் கலைக்கு மட்டும்தான்" என்றார் அதிகாரி.

"நானும் தொண்டை வத்தப் பாடித்தானே சார் பொழைக்கிறேன்?"

"விதிய நான் எழுதலையேம்மா."

நான் அங்கே போனது எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிட்டது. போன் செய்தாள்.

"இன்னாத்துக்குடி மூஞ்ச தூக்கி வெச்சினு கீற? என் குழுவுல ஒரு ஆளு கொறையுது. வந்துரு."

"உனக்குப் பின்னாடி நின்னு கோரஸ் பாடவா?"

"இத்தினி வருசம் நான் நிக்கல?"

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் சுருக்கென்றது. ஒரு மாதம் வீம்பாக இருந்துவிட்டு, போய்ச் சேர்ந்தேன்.

அடுத்த விழா எங்கள் பக்கத்துப் பூங்காவிலேயே நடந்தது. பின்வரிசையில் நின்று குலவையிட்டேன். கூட்டம் கைதட்டியது, பொன்னாடை அவள் தோளில் விழுந்தது. ராணுவ டாங்க் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்த என் கணவர், "ரெண்டு பேருமே நல்லாப் பாடுனீங்க" என்றார்.

"யாரு நல்லாப் பாடுனது, அதச் சொல்லுங்க" என்று குவார்ட்டர்ஸ் வரைக்கும் பின்சீட்டிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தேன். அவர் வண்டி ஓட்டுவதிலேயே கவனமாக இருந்தார்.